அந்தப் பெண்ணின் ரீடிங் சரி

சேகர்,

உன் கையேட்டுக்கு வாழ்த்துரை கேட்டு நீ அனுப்பிய பிரதி வந்து இருபது நாளாகிறது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் காந்தவியல், மின்காந்தத் தூண்டல், மின்காந்த அலைகள் ஆகிய பாடங்களுக்கு மட்டும் தனியாக ஒரு புத்தகம். முதல் பக்கத்தில் 'எனக்கு இயற்பியல் கற்றுத் தந்த என் அம்மாவுக்கு' என்று அச்சடித்திருக்கிறாய். வாழ்த்துரை எழுத மாட்டேன். அந்த வரியையும் எடுத்துவிடு. இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பவும் போவதில்லை. பெரம்பலூர், அரியலூர் இரண்டு பக்கத்து இயற்பியல் ஆசிரியர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடப் போகிறேன். ரிட்டயர் ஆகி நான்கு வருடமாகியும் என்னை அதிலிருந்து யாரும் எடுக்கவில்லை. நீ அந்தப் பெண்ணைப் பேசியது ஒரு அறை நிறையப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அதற்கு வரும் பதிலையும் நாலு பேர் பார்க்கட்டும்.

விஷயம் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். எங்காவது நான் சொல்வது பொய் என்றால் நீயும் அதே குழுவில் எழுதலாம். பிப்ரவரி மாதம் செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராக உன்னை தா.பழூர் பக்கம் ஒரு பள்ளிக்குப் போட்டிருந்தார்கள். அந்தப் பள்ளியின் இயற்பியல் ஆசிரியை கலைச்செல்வி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் குன்னம் பக்கம் என் பள்ளியில் என்னோடு மூன்று வருடம் வேலை பார்த்தவள். நீ அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். உனக்கு அவளை நன்றாகத் தெரியும். தேர்வு முடிந்த அன்று சாயங்காலமே அவள் எனக்கு போன் செய்தாள். உன்னைப் பற்றிப் புகார் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. என் உடம்பு எப்படி இருக்கிறது, அப்பாவுக்கு சர்க்கரை எப்படி இருக்கிறது என்று சுற்றிச் சுற்றிக் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் சொன்னாள். இந்தக் கடிதத்தில் தன் பெயரை எழுதலாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அன்று தேர்வுக்கு வந்த மாணவி, நீ பேசிய அந்தப் பெண், தன் பெயர் வேண்டாம் என்றாள். அதனால் அவள் பெயர் இதில் இருக்காது.

அந்தப் பெண்ணுக்கு வந்த கேள்வி டேஞ்சன்ட் கால்வனாமீட்டர். கம்பிச் சுருளுக்கு நடுவில் ஒரு காந்த ஊசி இருக்கும். சுருளில் மின்னோட்டம் கொடுத்தால் ஊசி விலகும். எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, பூமியின் காந்தப்புலம் அந்த இடத்தில் கிடைவாக்கில் எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். மின்னோட்டத்தை ஒரு தரம் இந்தப் பக்கமும் ஒரு தரம் அந்தப் பக்கமும் திருப்பி, முள்ளின் இரண்டு முனையையும் பார்த்து, நான்கு கோணம் எழுத வேண்டும். அந்தப் பெண் எழுதினாள். நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. ஆனால் கணக்குப் போட்டால் புத்தகத்தில் இருக்கும் மதிப்பைவிட மிகவும் அதிகமாக வந்தது. திரும்பவும் செய்து பார்த்திருக்கிறாள், அதேதான் வந்தது. தாளின் அடியில், 'மேசைக்குப் பக்கத்தில் இரும்பு பீரோ உள்ளது, அதனால் இந்த இடத்தில் புலம் மாறியிருக்கலாம்' என்று எழுதியிருக்கிறாள். என் சர்வீஸ் முழுவதிலும் ஒரு பிள்ளைகூடத் தேர்வுத் தாளில் இப்படி ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. நீயும் பார்த்திருக்க மாட்டாய்.

நீ அவளிடம் வந்து தாளைப் பார்த்தாய். புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாய். சொன்னாள். உனக்கு என்ன வந்திருக்கிறது என்று கேட்டாய். அதையும் சொன்னாள். அப்போது எது தப்பு என்று கேட்டாய். "ரெண்டும் தப்பு இல்ல சார், இங்க பீரோ இருக்கு சார்" என்றாள். நீ சிரித்தாயாம். சிரித்துவிட்டு மற்றப் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "இந்தம்மா புதுசா ஒரு பூமி கண்டுபிடிச்சிருக்காங்க, எல்லாரும் கை தட்டுங்க" என்றாய். எல்லாரும் தட்டினார்கள். தட்டாமல் என்ன செய்வார்கள்? அவர்கள் மதிப்பெண்ணும் உன் கையில்தானே இருந்தது. அதன் பிறகு அந்த விடையை அடித்துவிட்டுப் புத்தக மதிப்பை எழுதச் சொன்னாய். அவள் அடிக்கவில்லை. பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டாள். நீ மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாய்.

இதைக் கேட்டு முதலில் நான் நம்பவில்லை. என் பிள்ளையாயிற்றே என்று தோன்றியது. கலைச்செல்வி ஏதோ மிகைப்படுத்துகிறாள் என்றுகூட நினைத்தேன், அதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து பெரம்பலூரிலிருந்து அரியலூர் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து அந்தப் பள்ளிக்கே போனேன். உன் வூட்டைத் தாண்டித்தான் போனேன், இறங்கவில்லை. ஒரு சின்னத் திசைகாட்டியை முதல் மேசையில் வைத்தோம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாக நடந்தேன். அந்தப் பெண் தேர்வு செய்த நான்காவது மேசைக்குப் போனதும் ஊசி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி திரும்பியது. மேசையை ஒட்டிப் பெரிய இரும்பு பீரோ, ரெக்கார்டு நோட்டெல்லாம் அடுக்கியது. நகர்த்த இடம் கிடையாது. அதே கருவியை அதே இடத்தில் வைத்து நானே செய்தேன். அந்தப் பெண் எழுதிய நான்கு கோணத்தையும் கலைச்செல்வி தேர்வன்று மனசு கேட்காமல் ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைத்திருந்தாள். என் ரீடிங்கும் அதுவும் ஒரு டிகிரிகூட வித்தியாசப்படவில்லை. பிறகு மர ஸ்டூலைத் தூக்கி வராந்தாவில் போட்டுச் செய்தோம், புத்தக மதிப்புக்குப் பக்கத்தில் வந்தது. அவள் எழுதியதில் தப்பே இல்லை சேகர். அந்த அறையில் அன்றைக்கு இயற்பியல் செய்தவள் அவள் ஒருத்திதான். மற்ற எல்லாரும் மனப்பாடம் செய்த விடையிலிருந்து பின்னால் நடந்துபோய் ரீடிங்கை எழுதினார்கள், நீ அவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டாய்.

திரும்பும்போது உன் வூட்டில் இறங்கினேன். மாடியில் உன் டியூஷன் நடந்துகொண்டிருந்தது. முடியும்வரை கீழே உட்கார்ந்திருந்தேன். நீ பலகையில் எழுதிக்கொண்டே சொன்னது கீழே கேட்டது: "இந்த டெரிவேஷன் இந்த வருஷம் வராது, அடிச்சிருங்க." பிள்ளைகள் போன பிறகு நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். நீ முதலில் பொறுமையாகத்தான் பேசினாய். ஒரு பேட்சுக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை நிமிடம், அன்று சாயங்காலத்துக்குள் மதிப்பெண்ணை ஏற்ற வேண்டும், ஒவ்வொருத்தர் பக்கத்திலும் நின்று ஊசியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்றெல்லாம் கேட்டாய். கைதட்டச் சொன்னது எதற்கு என்று கேட்டேன். ஒரு ஜோக்குக்குச் சொன்னேன் என்றாய். நான் விடவில்லை. அப்போதுதான் நீ அதைச் சொன்னாய்.

"நீ சொல்லிக் குடுத்ததுதானம்மா. பின்னாடியிருந்து போட்டுக்கடான்னு நீதான சொன்ன."

நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். உனக்கு ஜெயித்த மாதிரி இருந்திருக்கும். மூன்று மாதம் ஆகிவிட்டது. அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். ஆமாம், நான்தான் சொன்னேன். நீ சொன்னதில் பொய் இல்லை.

நீ பன்னிரண்டாவது, நான் உன் வகுப்பு ஆசிரியை. அதே சோதனை. உனக்கு விடை எங்கேயோ தள்ளி வந்தது. மூன்று தடவை செய்தாய், அப்படியேதான் வந்தது. ஸ்கூலில் மிஸ் என்று கூப்பிட வேண்டும் என்பதை மறந்துவிட்டு, "அம்மா, ஏம்மா எனக்கு மட்டும் இப்படி வருது?" என்று கேட்டாய். பையன்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. சொந்தப் பிள்ளைக்குச் சலுகை கொடுக்கிறாள் என்று ஸ்டாஃப் ரூமில் ஏற்கெனவே பேச்சு இருந்தது. உன் நோட்டை வாங்கினேன், அந்தப் பக்கத்தைக் கிழித்தேன், புதுப் பக்கத்தின் அடியில் புத்தக மதிப்பை நானே எழுதினேன். "இதுதான் வரணும், பின்னாடியிருந்து போட்டுக்க" என்றேன். நீ போட்டுக்கொண்டாய். முழு மதிப்பெண் வாங்கினாய். அன்றைக்கு உனக்கு ஏன் அப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வயர் பக்கத்தில் கிடந்ததா, உன் பெல்ட்டில் இருந்த பக்கிளா, வேறு ஏதாவதா? கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை உனக்கு நான் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டிலும் சரி, வகுப்பிலும் சரி, நீ என்னிடம் ஏன் என்று எதையும் கேட்டதில்லை. பிள்ளை பொறுப்பாகிவிட்டான் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். மின்காந்த அலைகள் பாடத்தில் இடப்பெயர்ச்சி மின்னோட்டம் என்று ஒன்று வருமே, மின்தேக்கியின் இரண்டு தகட்டுக்கு நடுவில். ஒரு வருடம் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, நடுவில் கம்பியே இல்லையே மிஸ், அப்புறம் எப்படி மின்னோட்டம் போகும் என்று கேட்டான். எனக்கும் அது தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பரீட்சைக்கு வராததையெல்லாம் கேட்டு மற்றவர்கள் நேரத்தை வீணாக்காதே என்று அவனை வகுப்பு முடியும்வரை நிற்க வைத்தேன். இப்போது உன் கையேட்டில் அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறாய் தெரியுமா? 'வரையறை மட்டும் போதும், விளக்கம் தேவையில்லை.' அதைப் படித்தபோது என் குரல் அப்படியே அச்சில் வந்திருக்கிற மாதிரி இருந்தது. சர்வீஸின் கடைசி ஆறு வருடத்தில்தான் நான் உட்கார்ந்து அதையெல்லாம் முதலிலிருந்து படித்தேன். தகடுகளுக்கு நடுவில் மாறிக்கொண்டே இருக்கும் மின்புலம், அதுவே தன்னைச் சுற்றிக் காந்தப்புலத்தை உண்டாக்கும், கம்பியில் ஓடும் மின்னோட்டம் செய்கிற அதே வேலை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆயிற்று. வகுப்பில் சொன்னபோது பிள்ளைகளுக்கு இரண்டு பீரியட் ஆயிற்று.

நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஏறாது என்று நீ சொல்லாதே, எனக்குக் கெட்ட கோபம் வரும். குன்னம் பக்கம் வெங்காயம் போட்டிருக்கிற வூட்டுப் பிள்ளையைக் கேள். லோ வோல்டேஜில் மோட்டாரைப் போட்டால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், அந்தக் காயில், கருகிவிடும் என்று எட்டாவது படிக்கும்போதே அதற்குத் தெரியும். அப்பா காயில் கட்டக் கொண்டுபோகும்போது கூடப் போயிருக்கும். வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் குறையத்தானே வேண்டும், ஏன் கருகுகிறது என்று ஒரு தடவை வகுப்பில் கேட்டேன். ஒரு பீரியட் முழுக்கச் சண்டை போட்டார்கள். சுற்றுகிற மோட்டார் தனக்குள்ளேயே எதிர்ப்பாக ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டு கரண்டைக் கட்டுக்குள் வைக்கிறது, சுற்று தளர்ந்தால் அந்த எதிர்ப்பும் தளர்ந்து கரண்ட் ஏறிக் காயில் சூடாகிறது என்று அவர்களே பேசிப் பேசி வந்து சேர்ந்தார்கள். நான் நடுவில் இரண்டு இடத்தில்தான் வாயைத் திறந்தேன். லென்ஸ் விதி அதுதான் என்று கடைசியில் பெயர் மட்டும் சொன்னேன். உன் கையேட்டில் லென்ஸ் விதி ஒன்றரை வரி, பக்கத்தில் நட்சத்திரக் குறி, 'இரண்டு மதிப்பெண்'.

ஆனால் இதற்கெல்லாம் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். உனக்கு ரிசல்ட் காட்ட வேண்டும், ஹெட்மாஸ்டர் கேட்பார், பெற்றோர் கேட்பார்கள். எனக்கும் அதெல்லாம் இருந்தது. செய்முறைப் பகுதியைப் புரட்டியபோதுதான் எழுதியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். டேஞ்சன்ட் கால்வனாமீட்டருக்கு ஒரு அட்டவணை போட்டிருக்கிறாய். எந்த மின்னோட்டத்துக்கு எந்தக் கோணம் எழுத வேண்டும் என்று நான்கு ரீடிங்கும் ரெடிமேடாக. அடியில் கட்டம் கட்டி 'வர வேண்டிய விடை'. அந்தப் பெண்ணை அப்படிப் பேசிய பிறகு, நான் உன் வூட்டுக்கு வந்து அத்தனையும் சொன்ன பிறகு, அதையே மறுபடி உட்கார்ந்து டைப் அடித்து, என் பெயரில் சமர்ப்பணமும் போட்டு, எனக்கே அனுப்பியிருக்கிறாய். நான் ஒரு பிள்ளைக்கு, ஒரு நாள், வெட்கத்தில் செய்த தப்பை நீ புத்தகமாக்கி எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்கப் போகிறாய். நீ சொல்லிக் கொடுத்ததுதானே என்று என்னிடம் கேட்டாயே, சொல்லிக் கொடுத்த நானே தப்பு என்று வந்து நின்றபோது ஏன் காது கேட்கவில்லை?

கையேடு வந்த மறுவாரம் கலைச்செல்வியைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் வூட்டுக்குப் போனேன். அதைப் பிப்ரவரியிலேயே செய்திருக்க வேண்டும். நீ கேட்ட கேள்விக்குப் பயந்துகொண்டு மூன்று மாதம் வூட்டில் உட்கார்ந்திருந்தேன், அது என் தப்பு. அவள் நடவுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண், உயரம்கூட இல்லை. அவள் அம்மா எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நான் அந்த மேசையில் செய்து பார்த்ததையும் வராந்தாவில் செய்து பார்த்ததையும் சொன்னேன். உன் ரீடிங் சரிம்மா என்றேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அது எனக்குத் தெரியும் மிஸ். மார்க்கை மாத்துவாங்களா?"

மாற்ற மாட்டார்கள், அதற்கெல்லாம் நாள் முடிந்துவிட்டது என்றேன்.

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

மரியாதைக் குறைவாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். உனக்குக் கை தட்டச் சொன்ன சார் என் மகன் என்றேன். அவள் அம்மா சட்டென்று எழுந்துவிட்டார். அந்தப் பெண் மட்டும் இடத்தைவிட்டு நகரவில்லை. பி.எஸ்சி. இயற்பியல் சேரத்தான் ஆசையாக இருந்தது, இப்போது பி.காமுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்று சொன்னாள். மதிப்பெண் போனதற்காகவா என்று கேட்டேன். இல்லை என்றாள். ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சிநேகிதி ஒருத்தி அவளுக்கு உண்டு. அன்றைக்கு அவளும் அந்த பேட்சில்தான் இருந்தாளாம்.

"அவளும் தட்டுனா மிஸ். சார் சொல்றாரு, என்ன பண்ணுவா. ஆனா அதுக்கப்புறம் அவ என்கிட்ட பேசறதில்ல. என்னைப் பார்த்தா வேற பக்கம் போயிடுறா. நீங்க சொல்லி என்னா ஆவப்போவுது? தட்டச் சொன்னவங்க வந்து சொல்லட்டும்."

இவ்வளவுதான் அவள் கேட்டது. அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கலைச்செல்வி பஸ் ஸ்டாப் வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

இதை எழுதி முடித்து உன் அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். பெற்ற பிள்ளையை ஊர் முன்னால் நிறுத்த வேண்டுமா என்று முதலில் சத்தம் போட்டார். முழுவதையும் படித்த பிறகு, "உன் தப்பையும் மறைக்காம எழுதியிருக்கியா?" என்று கேட்டார். எழுதியிருக்கிறேன் என்றேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்ப போடு" என்றார். இதனால் நீ கொஞ்ச நாள் இங்கே வராமல் இருக்கலாம். பேரப்பிள்ளையைக் காட்டாமல் இருக்கலாம். அதையும் யோசித்துவிட்டுத்தான் போடுகிறேன். கையேட்டை நிறுத்து என்று நான் சொல்லவில்லை, அந்த அட்டவணையைக் கிழித்துவிட்டு அச்சடி. கிழிக்கத் தெரியாது என்று சொல்லாதே, நீ கிழிக்கப் பழகியதே என்னிடம்தான்.

கல்லூரியில் இன்னும் சேர்க்கை முடியவில்லை. இந்த வாரமே போ. வீடு எங்கே என்று கலைச்செல்வி சொல்லுவாள். காலையில் போகாதே, வயலில் இருப்பாள். மதியத்துக்கு மேல் போ. போகும் வழியில் அந்தச் சிநேகிதியின் வீட்டுக்கும் போய் அவளையும் கூட்டிக்கொண்டு போ, அவளும் கேட்கட்டும். ஜோக்குக்குச் சொன்னேன் என்று ஆரம்பிக்காதே. அம்மா அனுப்பினாள் என்றும் சொல்லாதே. அவள் அம்மா உன்னை உட்காரச் சொல்லுவார். அந்தப் பெண் சொல்ல மாட்டாள். நீ உட்காராதே. நின்றுகொண்டே சொல்.

அம்மா